அம்மன் காசு முதல் குழுக்கடன் வரை: புதுக்கோட்டை மாவட்டத்தில் வீட்டுக்கோழியும் சிறுகடனும்

புதுக்கோட்டை மாவட்டம் தமிழ்நாட்டின் மானாவாரி மாவட்டங்களுள் ஒன்று. கல்லணைக் கால்வாய் நீர் பாயும் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் பக்கத்து ஊர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், மற்ற பகுதிகள் மழையையும் கண்மாயையும் கிணற்றையும் நம்பியே பயிர் செய்கின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பத்தைக் காப்பாற்றியது ஆடும் மாடும் கோழியும்தான். இவற்றுள் கோழி மிகச் சிறியது. நிலம் இல்லாதவரும் அதை வளர்க்கலாம். பெரும்பாலும் பெண்களின் கையில் இருப்பது. அவசரத்துக்கு உடனே விற்கக்கூடியது. ஆகவே ஏழைக் குடும்பத்துக்குச் சிறுகடன் கொடுத்து வருமானம் உண்டாக்கலாம் என்று யார் திட்டம் தீட்டினாலும், அந்தத் திட்டத்தில் கோழிக்கும் ஓர் இடம் கிடைத்து வந்திருக்கிறது.

சிறுகடன் இந்த மாவட்டத்துக்கு எந்தெந்த வடிவங்களில் வந்தது, கோழி வளர்க்கும் குடும்பத்துக்கு அதனால் கிடைத்தது என்ன, எங்கே இடறியது என்பவற்றை இக்கட்டுரை வரலாற்று வரிசையில் கூறுகிறது.

சமஸ்தானக் காலம்

புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானமாக இருந்தது. இந்திய விடுதலைக்குப் பின் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டம் அமைக்கப்பட்டது.

சமஸ்தானத்துக்கென்று சொந்த நாணயம் இருந்தது. அதுவே புகழ்பெற்ற அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவமும் மறுபக்கம் 'விஜய' என்ற சொல்லும் பொறித்த சிறிய செப்புக்காசு. ஒரு ரூபாய்க்கு 320 அம்மன் காசுகள் என்பது கணக்கு. இத்தனை சிறிய காசு புழங்கியதிலிருந்தே அந்நாளைய ஏழை மக்களின் கொடுக்கல் வாங்கல் எவ்வளவு சிறிய அளவில் நடந்தது என்பது விளங்கும். ஒரு முட்டை, ஒரு பிடி கீரை, ஒரு கை எண்ணெய் என்ற அளவில்தான் அவர்களுடைய சந்தை இருந்தது.

இதே நிலப்பரப்பில் இன்னொரு வரலாறும் உண்டு. செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம் வட்டாரத்தில் அடங்குகிறது. அங்கிருந்து சென்ற நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்தினர். பர்மாவின் நெல் உற்பத்திக்குப் பெருமளவு கடன் கொடுத்தவர்கள் அவர்களே. அவர்களுடைய மாளிகைகளுக்குச் சில கல் தொலைவில் இருந்த மானாவாரிச் சிற்றூர்களிலோ, அடகு வைக்க நகையோ நிலமோ இல்லாத பெண்ணுக்குக் கடன் என்பது அரிதாகவே கிடைத்தது. கிடைத்த கடனும் கடுவட்டிக் கடன்தான்.

வாரமும் மொய்யும்

வங்கி வருவதற்கு முன்பே ஏழைகள் தங்களுக்குள் கடன் முறைகளை வைத்திருந்தார்கள். அவற்றுள் இரண்டு நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையவை.

முதலாவது, கால்நடையை வாரத்துக்கு விடுவது. ஆடு, மாடு, கோழி எதுவும் இல்லாத வீட்டார், இருப்பவரிடமிருந்து ஒன்றை வாங்கி வளர்ப்பார்கள். தாய் உடையவருக்கே சொந்தம். பிறக்கும் குட்டியோ பொரிக்கும் குஞ்சோ இருவருக்கும் பாதிப்பாதி. கோழியைப் பொறுத்தவரை இது பணமில்லாத சிறுகடன். தாய்க்கோழிதான் முதல், குஞ்சுகள்தான் வட்டி. இம்முறையின் சிறப்பு ஒன்றை மாணவர்கள் கவனிக்க வேண்டும். குஞ்சு பொரித்தால்தான் பங்கு. கீரி பிடித்தாலோ கழிச்சல் நோயில் செத்தாலோ அந்த இழப்பு இருவரையும் சேரும். வளர்த்தவள் மட்டும் கடனாளியாக நிற்பதில்லை.

இரண்டாவது, மொய் விருந்து. ஆலங்குடி வட்டாரத்தில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் முதலிய ஊர்களிலும், பக்கத்துத் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிப் பகுதியிலும் ஆடி, ஆவணி மாதங்களில் இது நடைபெறும். பலர் சேர்ந்து பந்தல் போட்டுக் கறிவிருந்து வைப்பார்கள். வந்தவர்கள் சாப்பிட்டு மொய் எழுதுவார்கள். எழுதிய மொய் நோட்டில் ஏறும். எழுதியவர் விருந்து வைக்கும்போது அதைக் கூடுதல் தொகையுடன் திருப்பிச் செய்ய வேண்டும். இவ்வாறு சேரும் தொகையைக் கொண்டு கிணறு வெட்டியவர்களும் தொழில் தொடங்கியவர்களும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் உண்டு. ஆனால் இதில் சேர முன்பே பிறருக்கு மொய் எழுதியிருக்க வேண்டும். அன்றாடக் கூலிக்காரருக்கு அந்த முதல் மொய்யே பெரும் சுமை.

கூட்டுறவும் வங்கியும்

சென்னை மாகாணத்தில் உழவர்களின் கடன் சுமையை ஆராய அமர்த்தப்பட்ட பிரெடரிக் நிக்கல்சன், 1895, 1897 ஆண்டுகளில் வெளியான தமது அறிக்கையில் செருமனியின் ரைபைசன் கடன் சங்கங்களைப் போன்றவை இங்கும் வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அதன் வழியில் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியது. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெறுவது பெரும்பாலும் நிலம் உள்ள ஆண்களுக்கே எளிதாக இருந்தது.

1937 பிப்ரவரி 10 அன்று மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் அது தொடங்கப்பட்டது. கடல் கடந்த வணிகத்துக்காகத் தோன்றிய அந்த வங்கி 1969 ஜூலை 19 அன்று வேறு 13 வங்கிகளுடன் நாட்டுடைமை ஆனது. பின்னர் முன்னோடி வங்கித் திட்டத்தின்கீழ் புதுக்கோட்டை மாவட்டத்தின் முன்னோடி வங்கியாகவும் அது அமைந்தது. அதன் ஊரகச் சுயதொழில் பயிற்சி நிலையம் இன்று புதுக்கோட்டையில் கிராமத்து இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் இலவசத் தொழிற்பயிற்சி தருகிறது. பர்மா வணிகத்தோடு பிறந்த ஒரு வங்கி கோழிக்கூடு வரை வந்து சேர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஏழைக் குடும்பத்துக்கு ஒரு சொத்து, அதற்கு ஒரு பகுதி மானியம், மீதி வங்கிக் கடன் என்பது அதன் அமைப்பு. கறவை மாடு, ஆடு, கோழி ஆகியவை அதில் முக்கிய இடம் பெற்றன. திட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆனால் நாடெங்கும் ஒரே மாதிரியான குறைகள் எழுந்தன. சொத்து கொடுத்தார்கள். அதைக் காக்கும் மருத்துவமும் தீவனமும் விற்பனை வழியும் கூடவே வரவில்லை. கோழி செத்தது, கடன் மட்டும் உயிரோடு இருந்தது. 1990இல் மத்திய அரசு 10,000 ரூபாய் வரையிலான ஊரகக் கடன்களைத் தள்ளுபடி செய்தது. அது பலருக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. அதே நேரத்தில், ஏழைக்குக் கொடுத்த கடன் திரும்பாது என்ற எண்ணத்தையும் வங்கிகளில் வளர்த்துவிட்டது.

அறிவொளியும் மிதிவண்டியும்

புதுக்கோட்டையின் சிறுகடன் வரலாற்றில் 1990களின் தொடக்கம் ஒரு திருப்புமுனை. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். 1991இல் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று எழுத்தறிவித்தார்கள். அந்த இயக்கம் எழுத்தோடு நிற்காமல் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. மிதிவண்டி வாங்க வங்கிகள் கடன் கொடுக்க ஆட்சியர் ஏற்பாடு செய்தார். ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் மிதிவண்டி கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அவருடைய அந்தக் கட்டுரைகள் 1996இல் நூலாக வந்து உலகெங்கும் படிக்கப்பட்டன.

மிதிவண்டிக்கும் கோழிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பேருந்து வராத ஊரில் இருக்கும் பெண், முட்டையையோ கோழியையோ விற்க வேண்டுமானால் வீட்டு ஆணை நம்ப வேண்டும், அல்லது வாசலுக்கு வரும் வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். மிதிவண்டி இருந்தால் அவளே சந்தைக்குப் போய் விலை கேட்கலாம். போய்த் திரும்பும் நேரமும் மிச்சம். மிதிவண்டி கற்ற பெண்கள் தங்கள் விளைபொருள்களை ஊர் ஊராகக் கொண்டு சென்று விற்றதையும், தண்ணீர் எடுக்கப் பயன்படுத்தியதையும் சாய்நாத் குறிப்பிடுகிறார். விற்பனை வழி இல்லாமல் கொடுத்த கடனுக்கும், விற்பனை வழியைத் திறந்த கடனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அதே காலத்தில் மற்றொரு முயற்சியும் நடந்தது. ஒப்பந்தக்காரர்களிடம் ஏறக்குறைய கொத்தடிமைகளாகக் கல் உடைத்து வந்த பெண்களைக் குழுக்களாக்கி, கல்குவாரிகளை அவர்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தது மாவட்ட நிர்வாகம். ஊரகப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் இக்குழுக்கள் அமைந்தன. ஏறத்தாழ 4,000 பெண்கள் 170 குவாரிகளை நடத்தியதாகச் சாய்நாத் எழுதுகிறார். அவர்கள் வருமானம் உயர்ந்தது, குழந்தைகள் பள்ளிக்குச் சென்றார்கள். ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பும் வலுவாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் ஒன்றுகூடிக் கணக்கு வைத்து ஒரு தொழிலை நடத்த முடியும் என்பதை இந்த மாவட்டம் கண்ணால் கண்டது.

மகளிர் சுய உதவிக் குழுக்கள்

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் அமைக்கும் பணி தொடங்கியது. நபார்டு வங்கி 1992இல் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தை நாடளவில் தொடங்கிற்று. 1997-98 முதல் மகளிர் திட்டம் என்ற பெயரில் தமிழ்நாடு முழுவதும் குழுக்கள் பரவின. மத்திய அரசின் பொன்விழா கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டம் 1999 ஏப்ரல் முதலும், தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் 2011 முதலும் இக்குழுக்களையே அடிப்படையாகக் கொண்டன.

குழுவின் நடைமுறை எளியது. 12 முதல் 20 பெண்கள் ஒரு குழு. ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். வாரமோ மாதமோ ஒரு சிறு தொகை சேமிப்பு. சேர்ந்த பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கு உள்கடன். யாருக்கு, எதற்கு, எத்தனை தவணை என்பது தீர்மான நோட்டில் ஏறும். ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழுவைத் தரம் பிரித்துச் சுழல்நிதியும் வங்கிக் கடனும் தருவார்கள். இதில் முக்கியமானது, கடனுக்கு முன் சேமிப்பு என்பதே. மற்றொன்று, உள்கடனின் வட்டி வெளியே போகாமல் குழுவிலேயே தங்குவது.

கோழி வாங்க உள்கடன் எடுத்த பெண்ணுக்கு இந்த முறையில் ஒரு வசதி உண்டு. குஞ்சுகள் இன்னும் விலைக்கு வரவில்லை என்றால் கூட்டத்தில் சொல்லித் தவணையைத் தள்ளி வைக்கலாம். கேட்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவள் வீட்டுப் பஞ்சாரத்தில் எத்தனை குஞ்சு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கோழியின் கணக்கு

நாட்டுக்கோழியில் சிறுவிடை, பெருவிடை என்று நம் பக்கத்தில் இரு வகை சொல்வார்கள். சிறுவிடை நன்றாக அடைகாக்கும், குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காக்கும். பெருவிடை எடை கூடுதலாக வரும். ஒரு நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் 10 முதல் 15 முட்டை வரை இட்டு அடையில் உட்காரும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். விற்பனை எடைக்கு வர நான்கு முதல் ஐந்து மாதம் ஆகும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு கோழி, ஒரு சேவல். ஒவ்வொரு கோழியும் ஆண்டுக்கு மூன்று ஈடு. ஈட்டுக்கு 12 முட்டை வைத்து 9 குஞ்சு பொரிப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 108 குஞ்சுகள். கீரி, பருந்து, காட்டுப்பூனை, கழிச்சல் எல்லாம் போக மூன்றில் ஒரு பங்கு மட்டுமே தேறினால் 36 கோழிகள். மூன்றில் இரு பங்கு தேறினால் 72. ஒன்று 300 ரூபாய் என்று வைத்தால் முதல் கணக்கில் 10,800 ரூபாய், இரண்டாவதில் 21,600 ரூபாய். கடன் தொகையைக் கூட்டாமலே, கோழியின் எண்ணிக்கையைக் கூட்டாமலே, வருமானம் இரு மடங்காகிறது. குஞ்சுகளின் சாவைக் குறைத்தது மட்டுமே இதற்குக் காரணம்.

இப்போது கடனின் கணக்கு. இதே பெண் 10,000 ரூபாய் கடன் வாங்குகிறாள். முழுத் தொகைக்கும் 12 விழுக்காடு வட்டி சேர்த்து 11,200 ரூபாயை 50 வாரத்தில் கட்ட வேண்டும் என்றால் வாரத் தவணை 224 ரூபாய். கோழி வாங்கி, முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு விலைக்கு வர ஏறத்தாழ 24 வாரம் ஆகும். அதற்குள் 5,376 ரூபாய் கட்டியாக வேண்டும். அதாவது முதல் கோழியை விற்கும் முன்பே வாங்கிய கடனில் பாதிக்கு மேல் வேறு எங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். நூறு நாள் வேலைக் கூலியிலிருந்தோ கணவரின் சம்பளத்திலிருந்தோ அது வரும். எதுவும் இல்லையென்றால் அடைக்கோழியை விற்பாள். அடைக்கோழியை விற்றால் தொழில் அத்தோடு முடிந்தது.

வட்டியையும் கவனிக்க வேண்டும். 12 விழுக்காடு என்று சொன்னாலும், வாரந்தோறும் அசல் குறைந்துகொண்டே வரும்போது முழு அசலுக்கும் வட்டி போடுவதால், குறையும் இருப்புக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ இரு மடங்காகிறது. எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் இதைத் தாய்க்குப் போட்டுக் காட்ட முடியும்.

கழிச்சல் என்னும் எதிரி

கோடையில் ஒரே வாரத்தில் ஒரு தெருவின் கோழிகள் அத்தனையும் சாவதை நம் ஊர்களில் பலரும் பார்த்திருப்பர். வெள்ளைக் கழிச்சல் என்று மக்கள் சொல்லும் இந்நோய் 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகிலும் சாவாத் தீவிலும் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இன்றைய உத்தராகண்டின் ராணிகேத்தில் காணப்பட்டதால் இந்தியாவில் ராணிகேத் நோய் என்று பெயர் பெற்றது. 1940களிலேயே முக்தேசுவர் ஆய்வு நிலையத்தில் இதற்குத் தடுப்பு மருந்து உருவாக்கப்பட்டது.

குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஓர் ஊசி. இவ்வளவுதான் அடிப்படைத் தடுப்பு. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் கோடைக்கு முன் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம்களை இலவசமாக நடத்துகிறது. 1989இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் புறக்கடைக் கோழிகளுக்கென்று தீவனத்தோடு கொடுக்கத்தக்க வாய்வழித் தடுப்பு மருந்தையும் உருவாக்கியது. ஊசி போடக் கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டிய சிரமம் இதில் இல்லை.

வங்காளதேசம் இவ்வகையில் ஒரு நல்ல பாடம் தருகிறது. முகமது யூனுஸ் 1976இல் சோப்ரா என்ற ஊரில் தொடங்கிய முயற்சி 1983இல் கிராமீன் வங்கியாயிற்று. சிறுகடன் என்றால் எல்லோரும் அதையே நினைப்பார்கள். ஆனால் கோழியைப் பொறுத்தவரை அங்கு அதிகம் கற்க வேண்டியது பிராக் என்ற தொண்டு நிறுவனமும் அரசுக் கால்நடைத் துறையும் சேர்ந்து 1980களிலிருந்து வளர்த்த முறை. ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்து தடுப்பூசி போடப் பயிற்றினார்கள். அவள் ஒரு சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு ஊர்க் கோழிகளுக்கு மருந்திட்டாள். குஞ்சு வளர்த்துத் தர ஒருத்தி, தீவனம் விற்க ஒருத்தி, முட்டை வாங்கிச் சந்தைக்கு அனுப்ப ஒருத்தி என்று பிரித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடன் கொடுத்தார்கள். கடன் தனியாக வரவில்லை, மருந்தோடும் சந்தையோடும் சேர்ந்து வந்தது.

இலவசக் குஞ்சுகளும் புதிய நிறுவனங்களும்

2010களில் தமிழ்நாடு அரசு கோழி வளர்ப்பை நாமக்கல், பல்லடம் வட்டாரங்களுக்கு வெளியே கொண்டுசெல்ல முனைந்தது. மானியத்துடன் கூடிய வங்கிக் கடனில் கறிக்கோழி, நாட்டுக்கோழிப் பண்ணைகள் அமைக்கும் திட்டம் வந்தது. 2018இல் 77,000 ஏழைப் பெண்களுக்குத் தலா 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வழங்கும் திட்டம் 50 கோடி ரூபாய்ச் செலவில் அறிவிக்கப்பட்டது. மீன், கால்நடை வளர்ப்போருக்கும் உழவர் கடன் அட்டை 2018-19 முதல் விரிவாக்கப்பட்டதால், குறைந்த வட்டியில் நடைமுறைச் செலவுக்கு வங்கிக் கடன் பெறும் வழி கோழி வளர்ப்போருக்கும் திறந்தது.

இதற்கிடையில் தனியார் நுண்கடன் நிறுவனங்கள் ஊர்களுக்குள் பரவின. மக்கள் இதையும் 'குழு லோன்' என்றே சொல்கிறார்கள். ஆனால் இது சுய உதவிக் குழு அன்று. சேமிப்பு இல்லை, உள்கடன் இல்லை, வட்டி குழுவில் தங்குவதில்லை. கடனுக்காகச் சிலர் சேர்க்கப்படுகிறார்கள், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் நெருக்கப்படுகிறார்கள். விரைவாகப் பணம் கிடைக்கிறது என்பது உண்மை. வங்கி வாசலில் நான்கு முறை திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு வீடு தேடி வரும் கடன் பெரிய உதவியாகவே தோன்றும். ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் வாங்கும் நிலை வரும்போதுதான் சிக்கல் தெரியும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. ஆடும் மாடும் கோழியும் செத்தன. வேலையும் இல்லை, விற்கப் பொருளும் இல்லை. அந்த வாரமும் தவணை வாரம்தான். வசூலுக்கு ஆள்கள் வந்து நெருக்கியதாகப் புயல் தாக்கிய மாவட்டங்களில் பெண்கள் முறையிட்டார்கள். வாரத்துக்கு விட்ட கோழி புயலில் செத்திருந்தால் இழப்பு பாதிப்பாதி. தவணைக் கடனில் அந்தப் பங்கீடு இல்லை. 2020 தொடக்கத்தில் கோழி தின்றால் கொரோனா வரும் என்ற வதந்தியால் விலை சரிந்தபோதும் சிறு வளர்ப்பாளர்களுக்கு இதே நிலை ஏற்பட்டது.

இத்தகைய முறையீடுகளுக்குப் பின் சில பாதுகாப்புகள் வந்துள்ளன. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஈடின்றித் தரப்படும் கடனே நுண்கடன். ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாகக் கட்டும் மாதத் தவணை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக்கூடாது. மிரட்டுவதும் இழிவாகப் பேசுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் 2025இல் தனிச் சட்டம் இயற்றியது. விதி இருப்பது தெரிந்தால்தான் அதைக் கேட்க முடியும்.

வரலாறு காட்டுவது

நூறாண்டு வரலாற்றை அடுக்கிப் பார்த்தால் சில உண்மைகள் தெளிவாகின்றன.

முதலாவது, கோழிக்குக் கடன் கொடுக்கும் முன் தடுப்பூசி போய்ச் சேர வேண்டும். நான்கு கோழியில் பாதி குஞ்சு சாகும் வீட்டில் நாற்பது கோழி வாங்கினால் இழப்புதான் பத்து மடங்காகும்.

இரண்டாவது, தவணை கோழியின் வளர்ச்சியோடு ஒத்துப்போக வேண்டும். முதல் ஆறு மாதம் வட்டி மட்டும், அதன்பின் ஆடி, தீபாவளி, பொங்கல் என்று கோழி விலை ஏறும் காலங்களில் அசல் என்று அமைத்தால் குடும்பம் தாங்கும். மகளிர் குழுவின் உள்கடனில் இவ்வாறு தீர்மானம் போட எந்தத் தடையும் இல்லை.

மூன்றாவது, வளர்ச்சி படிப்படியாக வர வேண்டும். ஐந்து கோழியிலிருந்து இருபது, இருபதிலிருந்து ஐம்பது என்று போகும்போது கூடு, வேலி, தீவனம், மருந்து எல்லாவற்றின் செலவும் மாறுகிறது. குப்பை கிளறித் தின்னும் கோழிக்குத் தீவனச் செலவு சிறிது. குருணையும் தவிடும் கறையானும் போதும். ஐம்பதைத் தாண்டினால் தீவனம் விலைக்கு வாங்க வேண்டும். அந்த இடத்தில் நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதாதவர்கள் லாபமா நட்டமா என்று அறியாமலே நடத்துவார்கள்.

நான்காவது, எழுத்தும் கணக்கும் கடனைவிட முந்தியவை. 1991இல் இந்த மாவட்டம் பெண்களுக்கு முதலில் எழுத்தைக் கொடுத்தது, பிறகு மிதிவண்டியைக் கொடுத்தது, அதன் பிறகே கடனும் குத்தகையும் அவர்கள் கையில் நின்றன. கடன் பத்திரத்தில் உள்ள வட்டி விகிதத்தையும் தவணை எண்ணிக்கையையும் தானே படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் பெண்ணை ஏமாற்றுவது கடினம்.

இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பெண் கோழி வளர்க்க விரும்பினால் அவளுக்கு முன் பல கதவுகள் உள்ளன. மகளிர் குழு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, நாட்டுடைமை வங்கி, தனியார் நுண்கடன் நிறுவனம் என்று பட்டியல் நீளும். எந்தக் கதவைத் தட்டினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். குறையும் அசலுக்கு வட்டி எவ்வளவு? முதல் தவணை எந்த மாதம்? கோழி செத்தால் என்ன செய்வது? மூன்றாவது கேள்விக்கு அந்தக் காலத்து வாரமுறையில் விடை இருந்தது. இன்றைய கடன் முறைகளுள் எதில் அதற்கு விடை கிடைக்கிறதோ அதுவே கோழி வளர்க்கும் குடும்பத்துக்கு ஏற்ற கடன்.